கோயேல்: மீட்கக் கடமைப்பட்ட உறவினர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயேல் என்பவர் யார்?

கோயேல் என்பது பழைய ஏற்பாட்டின் எபிரெய மொழியில் ஓர் உறவினருக்குரிய கடமையைக் குறிக்கும் பெயர். ‘காஅல்’ என்னும் வினையடியிலிருந்து பிறந்த இச்சொல், குடும்பத்தின் கையைவிட்டுப் போனதைத் திரும்பக் கொண்டுவரப் பொறுப்புள்ள நெருங்கிய இரத்த உறவினரைச் சுட்டுகிறது. ஒருவன் வறுமையால் நிலத்தை விற்றுவிட்டால் அதை மீட்பதும், தன்னையே அடிமையாக விற்றுவிட்டால் அவனை விடுவிப்பதும், அவன் கொலையுண்டால் அந்த இரத்தத்துக்கு நியாயம் கேட்பதும், அவனுக்குச் சேரவேண்டிய நஷ்டஈட்டை அவன் இறந்தபின் பெற்றுக்கொள்வதும் கோயேலின் வேலைகள். நான்காவதைப் பற்றி எண்ணாகமம் 5:8-இல் ஒரே ஒரு வரிதான் உண்டு. மற்ற மூன்றையும் நியாயப்பிரமாணம் விரிவாகவே பேசுகிறது. தேவனை ‘மீட்பர்’ என்று நாம் அழைக்கும் வழக்கத்துக்கு வேர் இந்தக் குடும்பக் கடமையில்தான் இருக்கிறது.

அப்படியானால் தமிழ் வேதாகமத்தில் இச்சொல் ஏன் கண்ணில் படுவதில்லை?

ஒரே எபிரெயச் சொல் இடத்துக்கு இடம் வேறு தமிழ்ச் சொல்லாக வந்திருப்பதே காரணம். பழைய மொழிபெயர்ப்பில் ரூத் போவாஸிடம் “நீர் சுதந்தரவாளி” என்கிறாள் (3:9). எண்ணாகமம் 35-இல் அதே சொல் ‘பழிவாங்கவேண்டியவன்’ என்று வருகிறது. யோபு 19:25-இல் அது ‘மீட்பர்’ ஆகிவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர்களைக் குறைசொல்ல இதில் ஒன்றுமில்லை. இம்மூன்று பொருளையும் ஒருங்கே தாங்கும் சொல் தமிழில் இல்லை. இயேசுவுக்கு முன்பே கிரேக்க மொழியில் செய்யப்பட்ட எழுபதின்மர் மொழிபெயர்ப்பிலும் இச்சொல் பல சொற்களாகச் சிதறியே இருக்கிறது. ஆயினும் களத்துமேட்டில் ரூத் சொன்ன சொல்லையே சாம்பலில் உட்கார்ந்திருந்த யோபும் சொன்னார் என்பதை அறியாமல் படிப்பவர், இரண்டு பகுதிகளிலும் பாதியைத்தான் படிக்கிறார்.

நிலத்தை மீட்பது எவ்வாறு நடந்தது?

லேவியராகமம் 25-ஆம் அதிகாரம் இதற்கு அடிப்படை. தேசம் கர்த்தருடையது, அதில் வாழ்பவர்கள் அவரிடத்தில் புறக்குடிகள். ஆகையால் நிலத்தை ‘அறுதியாய்’ விற்கக்கூடாது என்று 23-ஆம் வசனம் தடைவிதிக்கிறது. அறுதிக் கிரயத்துக்கும் ஒத்திக்கும் உள்ள வேறுபாடு தெரிந்த தமிழருக்கு இச்சட்டம் உடனே விளங்கும். இஸ்ரவேலன் விற்றது மண்ணை அல்ல, அடுத்த யூபிலி ஆண்டு வரை அந்த மண்ணில் விளையும் வெள்ளாமையைத்தான். 50-ஆம் ஆண்டாகிய யூபிலியில் நிலம் தானாகவே பழைய குடும்பத்துக்குத் திரும்பிவிடும். அதற்கு முன்னரே மீட்க விரும்பினால் கணக்கு எளிது: யூபிலிக்கு 20 ஆண்டுகள் இருக்கையில் நிலத்தை விற்றவர் 8 ஆண்டுகள் கழித்து மீட்க வந்தால், எஞ்சிய 12 ஆண்டுகளுக்கான தொகையைக் கொடுத்தால் போதும். விற்றவரிடம் அதற்கும் வழியில்லாதபோதுதான் கோயேல் முன்வர வேண்டும். வாங்கியவர் மறுக்க முடியாது.

மதில் சூழ்ந்த பட்டணத்து வீட்டுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அதை ஓராண்டுக்குள் மீட்காவிட்டால் வாங்கியவருக்கே நிலைத்துவிடும். மதிலில்லாத கிராமத்து வீடு நிலத்தோடு சேர்த்தே எண்ணப்பட்டது.

ஆளை மீட்பதும் இப்படியே. தேசத்தில் குடியேறிய அந்நியனுக்குத் தன்னை விற்றுக்கொண்டவனை அவன் சகோதரரில் ஒருவரோ, சித்தப்பன் பெரியப்பன்மாரோ, அவர்களின் மகனோ, குடும்பத்தில் வேறு நெருங்கிய இனத்தானோ மீட்கலாம். வசதி வந்தால் அவனே தன்னை மீட்டுக்கொள்ளலாம். இங்கும் யூபிலி வரையுள்ள ஆண்டுகளைக் கணக்கிட்டே விலை.

இவையெல்லாம் ஏட்டோடு நின்ற சட்டங்களா, யாராவது கைக்கொண்டார்களா?

யூபிலி ஆண்டை மக்கள் அனுசரித்ததாக ஒரு நிகழ்ச்சியையும் வேதாகமம் விவரிப்பதில்லை. மீட்புரிமை நடைமுறையில் இருந்ததற்கு எரேமியா 32-ஆம் அதிகாரம் சாட்சி.

அது யூதாவின் அரசன் சிதேக்கியா அரசாண்ட 10-ஆம் ஆண்டு. பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. நகரம் விழும் என்று சொன்னதற்காகத் தீர்க்கதரிசி எரேமியா காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அவருடைய சிறிய தகப்பனின் மகன் அங்கே வந்து, “ஆனதோத்திலுள்ள என் நிலத்தை நீர் வாங்கிக்கொள்ளும், மீட்கும் உரிமை உமக்கே உண்டு” என்கிறான். ஆனதோத் எருசலேமுக்கு வெளியே சில கிலோமீட்டர் தொலைவில், பகைவர் கைக்குள் இருக்கும் ஊர். நிலத்தைப் பார்க்கவும் முடியாது, உழவும் முடியாது. எந்தத் தரகரும் வாயைத் திறந்து பரிந்துரைக்கத் துணியாத அந்த நிலத்துக்கு எரேமியா 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். பத்திரத்தில் கையெழுத்திட்டு, முத்திரையிட்டு, சாட்சிகளை ஒப்பமிடச் செய்கிறார். முத்திரையிட்ட படியையும் திறந்த படியையும் நெடுநாள் நிலைத்திருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்குமாறு தம் எழுத்தரான பாரூக்கிடம் ஒப்படைக்கிறார். இந்தத் தேசத்தில் மீண்டும் வீடுகளும் நிலங்களும் திராட்சத் தோட்டங்களும் வாங்கப்படும் என்ற தேவவாக்குக்கு அந்தப் பத்திரம் அடையாளமாயிற்று. கோயேலாக இருப்பது இலாபத்துக்குரிய காரியமல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பகுதியை நான் கண்டதில்லை.

இரத்தப்பழி வாங்குகிறவனும் கோயேல் என்பது கிறிஸ்தவ மனத்துக்கு உறுத்தலாக இல்லையா?

உறுத்தவே செய்கிறது, அதைப் பூசிமெழுக வேண்டியதில்லை. அரசின் காவல்துறையோ வழக்குத்தொடுப்பவரோ இல்லாத சமூகத்தில், கொலையுண்டவனுக்காகக் கேட்க ஒருவர் வேண்டும். அந்தப் பொறுப்பு நெருங்கிய உறவினர்மேல் விழுந்தது. நியாயப்பிரமாணம் அதை நீக்கவில்லை, ஆனால் கட்டுப்படுத்தியது. யோர்தானுக்கு மேற்கே கேதேஸ், சீகேம், எபிரோன், கிழக்கே பேசேர், ராமோத், கோலான் என ஆறு அடைக்கலப்பட்டணங்கள் குறிக்கப்பட்டன. கைப்பிசகாய்க் கொன்றவன் அங்கே ஓடிப்போய்ச் சபையின் விசாரணைக்கு நிற்கலாம். ஒரே சாட்சியின் சொல்லைக் கொண்டு எவருக்கும் மரணதண்டனை விதிக்கக்கூடாது. கைப்பிசகாய்க் கொன்றவன் பிரதான ஆசாரியன் மரிக்கும்வரை அப்பட்டணத்தில் தங்கியிருந்து, பின்பு ஊர் திரும்பலாம். ஒரு பிரதான ஆசாரியனின் மரணம் குற்றத்துக்கு ஆளானவனை விடுவிக்கிறது என்பதில் கிறிஸ்துவின் சாயலைக் கண்ட பிரசங்கிகள் பலர் உண்டு. சாயலாகச் சொல்வதில் தவறில்லை. எண்ணாகமம் அதைத் தீர்க்கதரிசனமாகச் சொல்லவில்லை என்பதும் நினைவிலிருக்க வேண்டும்.

சிந்தப்பட்ட இரத்தத்தைத் தேவன் பொருட்படுத்தாமல் விடுவதில்லை என்பதே இக்கடமையின் உட்பொருள். எபிரெயர் நிருபம் 12:24, காயீன் கொன்ற ஆபேலின் இரத்தத்தைக் காட்டிலும் நன்மையானவைகளைப் பேசும் இயேசுவின் இரத்தத்தைப் பற்றிச் சொல்லும்போது இந்த நியாயத்தைத் தள்ளிவிடவில்லை. பழி தீரவேண்டிய இடத்தில் கொலையுண்டவரே மன்னிப்பை முன்வைக்கிறார் என்கிறது.

ரூத்தின் புத்தகத்தில் கோயேல் ஏன் இவ்வளவு முக்கியம்?

நான்கே அதிகாரங்கள் கொண்ட அப்புத்தகத்தின் கதையே இச்சொல்லைச் சுற்றித்தான் நகர்கிறது. பெத்லகேமில் பஞ்சம் வந்தபோது மோவாபுக்குப் போன எலிமெலேக்கும் அவர் மகன்கள் இருவரும் அங்கேயே இறந்துவிட, விதவையான நகோமி மோவாபியப் பெண்ணான மருமகள் ரூத்துடன் ஊர் திரும்புகிறாள். நிலம் உண்டு, ஆனால் அதை ஆளப் பிள்ளை இல்லை. ரூத் கதிர் பொறுக்கப் போன வயல் எலிமெலேக்கின் உறவினரான போவாஸுடையதாக அமைகிறது.

இரண்டாம் அதிகாரத்தில் போவாஸ் ரூத்திடம், இஸ்ரவேலின் தேவனுடைய செட்டைகளின் கீழ் அடைக்கலமாய் வந்தவளே என்று வாழ்த்துகிறார். மூன்றாம் அதிகாரத்தில் இரவுநேரக் களத்தில் அவள் அவரிடம், “உம்முடைய போர்வையை என்மேல் விரியும்” என்று கேட்கிறாள். செட்டை, போர்வையின் ஓரம் இரண்டுக்கும் எபிரெயத்தில் ‘கானாஃப்’ என்ற ஒரே சொல். நீர் வேண்டிக்கொண்ட ஆசீர்வாதத்தை நீரே நிறைவேற்றும் என்று அவரிடமே சொல்லிவிடுகிறாள் அந்த அந்நியப் பெண்.

ஆனால் போவாஸைவிட நெருங்கிய உறவினர் ஒருவர் இருக்கிறார். ஊர்வாசலில் பத்து மூப்பர் முன்னிலையில் போவாஸ் அவரை உட்காரவைத்துப் பேச்சைத் தொடங்குகிறார். நிலம் என்றதும் “நான் மீட்டுக்கொள்வேன்” என்கிறார் அவர். ரூத்தையும் சேர்த்து ஏற்கவேண்டும் என்றதும் பின்வாங்குகிறார். அவருடைய கணக்கு நியாயமானதுதான்: தன் பணத்தைக் கொட்டி மீட்கும் நிலம், ரூத்துக்குப் பிறக்கும் பிள்ளை வழியாக இறந்துபோனவன் பெயருக்கே போய்விடும், பணமும் போகும், நிலமும் நிற்காது. தன் சுதந்தரத்தைக் கெடுத்துக்கொள்ள விரும்பாமல் அவர் தம் பாதரட்சையைக் கழற்றிக் கொடுத்து உரிமையை விட்டுவிடுகிறார். கதை சொல்பவர் அவருக்குப் பெயரே தரவில்லை. எபிரெயத்தில் ‘பெலோனி அல்மோனி’, அதாவது ‘இன்னார்’ என்றே குறிப்பிடுகிறார். இன்னொருவன் பெயரை நிலைநிறுத்த ஒத்துக்கொண்ட போவாஸின் பெயரோ மத்தேயு முதல் அதிகாரத்து வம்சவரலாற்றில் ரூத்தோடு நிற்கிறது.

பலர் கவனிக்காத ஒன்று: 4:14-இல் பெத்லகேமின் பெண்கள் நகோமியிடம், உனக்குக் கோயேல் அற்றுப்போகாதபடி செய்த கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று சொல்லும்போது, அவர்கள் கைகாட்டுவது போவாஸை அல்ல. “உன் மருமகள் அவனைப் பெற்றாள்” என்று அடுத்த வசனம் தெளிவாக்குகிறது. ரூத்துக்கும் போவாஸுக்கும் பிறந்து தொட்டிலில் கிடக்கும் ஓபேத்தான் அந்தக் கோயேல்.

போவாஸ் கிறிஸ்துவுக்கு முன்னடையாளமா?

சபை நெடுங்காலமாக அப்படி வாசித்திருக்கிறது. அவ்வாசிப்புக்கு இடமும் உண்டு. உறவினராயிருத்தல், மீட்க வல்லமை, மீட்க மனது என்று மூன்று தகுதிகளை வரிசைப்படுத்திக் கிறிஸ்துவிடம் பொருத்திக்காட்டுவது பிரசங்க மேடைகளில் வழக்கம். அளவோடு செய்தால் அது நன்று. ஆனால் பெயரில்லாத உறவினர் நியாயப்பிரமாணம், பத்து மூப்பர் பத்துக் கற்பனைகள், ஆறுபடி வாற்கோதுமை ஆறு நாள் உழைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் மறைபொருள் தேடினால், பசித்த இரண்டு விதவைகளின் கதை காணாமற்போய்விடும்.

இதுவும் ‘இறந்த சகோதரனின் மனைவியை மணக்கும்’ சட்டமும் ஒன்றா?

இல்லை. உபாகமம் 25-இல் உள்ள அச்சட்டம் உடன்பிறந்தானை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. மறுத்தவனின் பாதரட்சையை அந்தப் பெண்ணே கழற்றி அவன் முகத்தில் துப்புவாள். போவாஸ் சகோதரன் அல்லர். ரூத்தில் துப்புதலும் இல்லை. இரண்டு வழக்கங்களும் ரூத்தில் அருகருகே வருகின்றன, அவ்வளவுதான்.

தேவனைக் கோயேல் என்று அழைப்பது எப்போது தொடங்குகிறது?

யாக்கோபு தன் பேரப்பிள்ளைகளை ஆசீர்வதிக்கையில், எல்லாத் தீமையினின்றும் தன்னை மீட்ட தூதனைக் குறிப்பிடும்போதே (ஆதியாகமம் 48:16) இவ்வினைச்சொல் வந்துவிடுகிறது. யாத்திராகமம் 6:6-இல் “ஓங்கிய கையினால் உங்களை மீட்பேன்” என்று கர்த்தர் சொல்வதும் இதே வினைதான். எகிப்திலிருந்து விடுதலை என்பது ஒரு வல்லரசு இன்னொரு வல்லரசை வென்றதாக அங்கே பேசப்படவில்லை. இஸ்ரவேல் என் குமாரன் என்று அதே புத்தகம் 4:22-இல் சொல்லியிருப்பதால், சொந்தக்காரர் வந்து தம் பிள்ளையைக் கேட்கிறார்.

இப்பட்டம் முழுமையாக மலர்வது ஏசாயாவின் பிற்பகுதியில். 40 முதல் 66 வரையுள்ள அதிகாரங்களில் கர்த்தர் 13 முறை கோயேல் என்று அழைக்கப்படுகிறார். பாபிலோனுக்குச் சிறைபோன மக்களுக்கு நிலமும் இல்லை, விடுதலையும் இல்லை, மீட்க எந்த இனத்தானும் இல்லை. “ஆபிரகாம் எங்களை அறியான்” என்ற நிலையில் (63:16) அவர்கள் கர்த்தரையே பிதா என்றும் பூர்வகால முதல் தங்கள் கோயேல் என்றும் அழைக்கிறார்கள். மூதாதையே கைவிட்டாலும் விடாத உறவு என்பது அதன் பொருள்.

நீதிமொழிகள் 23:10-11 இதையே சின்ன அளவில் சொல்கிறது: தகப்பனற்ற பிள்ளைகளின் நிலத்தில் வரப்பைத் தள்ளாதே, அவர்களுடைய மீட்பர் வல்லவர். பங்காளி இல்லாத பிள்ளைகள் என்று எண்ணி வரப்பை நகர்த்துகிறவனுக்கு விடப்படும் எச்சரிக்கை அது.

“என் மீட்பர் உயிரோடிருக்கிறார்” என்று யோபு சொன்னது இயேசுவையா?

தமிழ்க் கிறிஸ்தவக் கல்லறைகளில் அடிக்கடி பொறிக்கப்படும் இவ்வசனத்தை உயிர்த்தெழுதலின் நம்பிக்கையாகவே நாம் வாசித்து வந்திருக்கிறோம். யோபுவின் வாயில் அது முதலில் என்ன பொருளில் வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அதே அதிகாரத்தின் 13, 14 வசனங்களில் சகோதரர் தூரமானதையும் உறவினர் விலகிப்போனதையும் அவர் சொல்லி அழுகிறார். கோயேலாக வரவேண்டியவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். 16:18-இல் “பூமியே, என் இரத்தத்தை மூடிப்போடாதே” என்று கதறியவர், அந்த இரத்தத்துக்காக நியாயம் கேட்க ஒருவர் இருக்கிறார் என்று 19:25-இல் துணிந்து சொல்கிறார். இதில் விந்தை என்னவென்றால், தமக்கு அநியாயம் செய்தவர் என்று அவர் முறையிடுவதும் தேவனைத்தான். அந்தக் கோயேல் யார் என்பதில் வேத ஆராய்ச்சியாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பரலோகத்துச் சாட்சி ஒருவர் என்பாரும், தேவனே என்பாரும் உண்டு. கிறிஸ்தவ வாசிப்பு இரண்டையும் கிறிஸ்துவில் சேர்க்கிறது. யோபு அவ்வளவையும் முன்கூட்டி அறிந்திருந்தார் என்று நாட்டிச் சொல்வது பகுதிக்குப் பொருந்தாது என்பது என் எண்ணம்.

புதிய ஏற்பாடு இயேசுவைக் கோயேல் என்று அழைக்கிறதா?

பட்டமாக அழைக்கவில்லை. ‘மீட்பன்’ எனப் பொருள்படும் ‘லுத்ரோதேஸ்’ என்ற கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் ஒரே இடத்தில் வருகிறது. அங்கும் அது மோசேயைக் குறிக்கிறது (அப்போஸ்தலர் 7:35). ஆனால் கோயேலின் வேலை எங்கும் நிறைந்திருக்கிறது. நாசரேத்து ஜெப ஆலயத்தில் இயேசு வாசித்த பகுதி, சிறைப்பட்டவர்களின் விடுதலையையும் கர்த்தருடைய அநுக்கிரக வருஷத்தையும் சொல்லும் ஏசாயா 61. அதில் யூபிலியின் குரல் கேட்கிறது.

இக்கருத்துக்கு மிக நெருங்கி வருவது எபிரெயர் 2-ஆம் அதிகாரம். தம்மால் மீட்கப்படுகிறவர்களைச் சகோதரர் என்று அழைக்க இயேசு வெட்கப்படவில்லை. பிள்ளைகள் மாம்சமும் இரத்தமும் உடையவர்களாயிருக்க, அவரும் அவற்றை உடையவரானார். மரணபயத்தினால் அடிமைப்பட்டிருந்தவர்களை விடுவிக்கும்படி அப்படியானார். அடிமையை மீட்க உறவினராயிருக்க வேண்டும் என்ற லேவியராகமத்தின் நிபந்தனை அங்கே நிறைவேறுகிறது. மனிதனாகப் பிறந்தது சிலுவைக்குப் போகும் வழியில் ஒரு படி மட்டுமல்ல. மீட்கும் உரிமையே அங்கேதான் தொடங்குகிறது.

மீட்பின் விலை யாருக்குச் செலுத்தப்பட்டது?

மாற்கு 10:45 ‘மீட்கும்பொருள்’ என்கிறது. 1 பேதுரு 1 வெள்ளியும் பொன்னுமல்ல, இரத்தம் என்கிறது. ஆகவே விலை உண்டு. மூன்றாம் நூற்றாண்டில் இறையியலாளர் ஓரிகன் அது பிசாசுக்குச் செலுத்தப்பட்டது என்ற திசையில் விளக்கினார். நான்காம் நூற்றாண்டில் இன்னொரு இறையியலாளரான நாசியான்சஸ் கிரகோரி அதை அவமானமான கருத்து என்று மறுத்தார், பிதா அதைக் கேட்டுப் பெற்றார் என்பதையும் ஏற்கத் தயங்கினார்.

கோயேல் என்னும் கருத்திலிருந்து பார்த்தால் கேள்வியின் எடையே மாறுகிறது. எபிரெயத்தில் ‘பாதா’ என்ற வேறொரு வினை உண்டு. தலைப்பிள்ளைக்கு ஐந்து சேக்கல் செலுத்துவதுபோல விலைகொடுத்து விடுவிப்பதை அது குறிக்கும், யாரும் அதைச் செய்யலாம். ‘காஅல்’ என்பதில் உறவு முந்தியது, விலை பிந்தியது. “எந்தக் கடன்காரனுக்கு உங்களை விற்றேன்?” என்று ஏசாயா 50:1-இல் கர்த்தரே கேட்கிறார், விலையின்றி விற்கப்பட்டீர்கள், பணமின்றி மீட்கப்படுவீர்கள் என்று 52:3 சொல்கிறது. பெற்றுக்கொண்டவர் யார் என்பதைவிட, செலவைத் தம்மேல் ஏற்றுக்கொண்டவர் யார், எந்த உரிமையில் ஏற்றார் என்பதையே வேதம் மிகுதியாகப் பேசுகிறது.

யூதர்கள் இச்சொல்லை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள்?

இது முதலில் அவர்களுடைய சொல். நாள்தோறும் சொல்லப்படும் அமிதா ஜெபத்தின் ஏழாம் ஆசீர்வாதம் கர்த்தரை ‘கோயேல் இஸ்ரவேல்’ என்று போற்றி முடிகிறது. பஸ்கா விருந்தின் மூன்றாம் கிண்ணம் யாத்திராகமம் 6:6-இன் ‘மீட்பேன்’ என்ற வாக்கோடு சேர்த்து எண்ணப்படுகிறது. மீட்பு என்பது மண்ணையும் மக்களையும் தொடும் விடுதலையாகவே அவர்களிடம் நின்றது. ரோமருக்கு எதிராகக் கி.பி. 132-இல் எழுந்த பார் கோக்பா கிளர்ச்சியின் நாணயங்களில் ‘இஸ்ரவேலின் மீட்பின் முதலாம் ஆண்டு’ என்று பொறித்திருக்கிறார்கள். இயேசு சிலுவையில் மரித்தபின் எம்மாவு ஊருக்குப் போகும் வழியில் சீஷர்கள், “அவரே இஸ்ரவேலை மீட்டு இரட்சிப்பவர் என்று நம்பியிருந்தோம்” என்று சொன்னபோது அவர்கள் மனத்திலிருந்ததும் இத்தகைய எதிர்பார்ப்பே. அதை மாம்ச சிந்தை என்று நாம் எளிதில் ஒதுக்கிவிடுகிறோம். லேவியராகமம் அப்படி ஒதுக்காது.

அப்படியானால் இழந்த சொத்தைத் திரும்பப் பெற்றுத்தருவார் என்று இவ்வசனங்களைக் கொண்டு ஜெபிக்கலாமா?

ஜெபிப்பதைத் தடுக்க ஒன்றுமில்லை. ஆனால் கோயேல் சட்டம் ஏழையான சகோதரனுக்காக எழுதப்பட்டது. இருப்பதைப் பெருக்கிக்கொள்வதற்காக அல்ல. அதோடு அச்சட்டம் வசதியுள்ள உறவினரைப் பார்த்தே பேசுகிறது. உனக்காக யார் வருவார் என்பதற்கு முன், யாருக்காக நீ போக வேண்டும் என்று அது கேட்கிறது.

சபை இக்கடமையை எப்போதாவது எழுத்துப்படியே ஏற்றிருக்கிறதா?

ஏற்றிருக்கிறது. முதல் நூற்றாண்டின் இறுதியில் ரோமிலிருந்து கொரிந்துச் சபைக்கு எழுதப்பட்ட கிளமெந்தின் நிருபம், பிறரை மீட்பதற்காகத் தங்களையே அடிமைத்தனத்துக்கு ஒப்புக்கொடுத்தவர்கள் தங்களிடையே பலர் உண்டு என்கிறது. நான்காம் நூற்றாண்டில் மிலான் நகரத்து ஆயர் அம்புரோஸ், போரில் சிறைப்பட்டவர்களை மீட்கத் திருச்சபையின் பொன் பாத்திரங்களை உருக்கினார். அதற்காக ஏச்சும் வாங்கினார்.

கி.பி. 253-ஐ ஒட்டி, வட ஆப்பிரிக்காவின் நுமிதியாவில் கொள்ளையர் கிறிஸ்தவர்களைப் பிடித்துக்கொண்டு போனபோது, அங்குள்ள ஆயர்கள் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியனுக்கு எழுதினார்கள். அவர் தம் சபையில் 1,00,000 செஸ்தெர்ஷியஸ் (ரோம நாணயம்) திரட்டி அனுப்பினார். சகோதரரின் சிறையிருப்பை நம்முடைய சிறையிருப்பாகவே எண்ணவேண்டும் என்று உடன் அனுப்பிய கடிதத்தில் எழுதி, ஜெபத்தில் நினைக்கும்படி கொடுத்தவர்களின் பெயர்களையும் அதோடு சேர்த்தார். இப்படி ஒன்று இனி நேராதிருக்கட்டும், நேர்ந்தால் தயங்காமல் எங்களுக்கு எழுதுங்கள் என்றும் அதில் கேட்டுக்கொண்டார்.